வளர்வது என்றால் பழைய நண்பனை விட்டுவிட்டுப் போவதுதானா?

வாசல்படி:

பள்ளி முடிய இன்னும் சில வாரங்கள்தான் இருக்கின்றன. எல்லோரும் பரீட்சையைப் பற்றிக் கவலைப்படுகிறார்கள், நான் வேறொன்றைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருக்கிறேன். வீட்டில் சொன்னால் சிரிப்பார்கள், அதனால் இங்கே எழுதுகிறேன்.

எனக்கு ஒரு நண்பன். பால்பல் விழுந்த காலத்திலிருந்து ஒன்றாக இருக்கிறோம். வகுப்பில் யாராவது உளறினால் நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவே கூடாது, பார்த்தால் சிரிப்பு வந்துவிடும், அதனால் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொள்வோம், அப்படித் திரும்புவதை வைத்தே ஆசிரியர் கண்டுபிடித்துவிடுவார். அந்த மாதிரிப் பழக்கம். இனி அவன் ஒரு ஊர், நான் ஒரு ஊர், படிப்பும் வேறு.

"போன் இருக்கிறது, வீடியோ கால் இருக்கிறது, என்ன பயம்?" என்கிறார்கள். அவன் என்னை மறந்துவிடுவான் என்று நான் பயப்படவில்லை. நான் மறந்துவிடுவேனோ என்றுதான் பயமாக இருக்கிறது. பிறந்தநாளுக்கு நான் ஒரு வாழ்த்து, பதிலுக்கு அவன் ஒரு எமோஜி, அந்த வருடக் கணக்கு அத்தோடு முடிந்தது என்று ஆகிவிடும் ஒரு நாளை நினைத்தாலே வயிற்றைப் பிசைகிறது.

இன்னொன்றும் இருக்கிறது, இதை அவனிடமே சொன்னதில்லை. கிளம்பிப் போக எனக்கு ஆசையாகவும் இருக்கிறது. அவனுக்கு முன்னால் நான் எப்போதுமே எட்டு வயதுப் பயல்தான். ஏதாவது சீரியஸாகப் பேச ஆரம்பித்தால், இடி சத்தத்துக்குப் பயந்து மேசைக்கடியில் ஒளிந்த கதையை எடுத்துவிட்டு, பட்டப்பெயரைச் சொல்லி முடித்துவிடுவான். என்னை யாரென்றே தெரியாத ஆட்களுக்கு நடுவில் போய் நிற்க வேண்டும் போல இருக்கிறது. அப்படி நினைப்பது துரோகம் மாதிரியும் இருக்கிறது.

இதைத் தாண்டி வந்தவர்கள் சொல்லுங்கள். எல்லோருக்கும் நடந்தே தீருமா?

கடைசிப்பெஞ்சு:

//எல்லோருக்கும் நடந்தே தீருமா?//

பெரும்பாலும் ஆமாம். ஆறுதல் சொல்ல இங்கே நிறையப் பேர் வருவார்கள், அதனால் நான் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் ஏழாம் வகுப்பில் நண்பர்களான 410 பிள்ளைகளைப் பன்னிரண்டாம் வகுப்பு வரை தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள், 2015இல் வெளியான ஆய்வு. ஏழாம் வகுப்பில் தொடங்கிய நட்புகளில் பன்னிரண்டு வரை தாக்குப்பிடித்தது நூற்றில் ஒன்றுதான். கல்லூரி, வேலை, கல்யாணம் எல்லாம் வருவதற்கு முன்பே நிலைமை இது. இத்தனைக்கும் யாரோ கெட்டவன் ஆனதால் பிரியவில்லை. ஒருவருடைய தனிக்குணத்தைவிட, இரண்டு பேருக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசம்தான் எந்த நட்பு முறியும் என்று காட்டிக்கொடுத்ததாம். ஒருவன் நன்றாகப் படிக்கிறான், இன்னொருவன் படிக்கவில்லை, ஒருவனை வகுப்பே கொண்டாடுகிறது, இன்னொருவனைக் கண்டுகொள்வதில்லை, இப்படி.

நீ ஏற்கெனவே அந்த நூற்றில் ஒன்று தம்பி. இதுவரை வந்ததே பெரிய விஷயம். இதற்கு மேல் எதிர்பார்க்காதே, வந்தால் லாபம்.

மழைக்குருவி:

பென்ச் சார், பதினேழு வயதுப் பிள்ளை வயிற்றைப் பிசைகிறது என்று எழுதியிருக்கிறான், நீங்கள் சதவீதம் கொடுக்கிறீர்கள். சரி, கொடுத்தது கொடுத்ததாகவே இருக்கட்டும், ஆனால் அந்த மாதிரி ஆய்வில் நட்பு என்று எடுத்துக்கொள்வது இருவரும் ஒருவர் பெயரை ஒருவர் எழுதிக் கொடுப்பதைத்தான். இந்த வருடம் என் பெயரை அவள் எழுதவில்லை என்றால் கணக்கில் முறிந்துவிட்டது. நிஜத்தில் அப்படியா முறிகிறது?

நான் இருந்த இடம் வேறு. நான் கிளம்பிப் போனவள் கிடையாது, கிளம்பியவளை வழியனுப்பியவள். இந்த இழையில் அந்தப் பக்கம் யாரும் பேச மாட்டார்கள் என்பதால் சொல்கிறேன். போகிறவர்களுக்குப் புது அறை, புது வகுப்பு, புது ஆட்கள், வருத்தப்படவே நேரம் இருக்காது. இருக்கிறவர்களுக்கு அதே தெரு, அதே பாதை, அதே நேரம், பக்கத்தில் ஆள் மட்டும் இல்லை. முதல் மாதம் ஒரு புகைப்படம் அனுப்பினாள். ஏழெட்டுப் பேர். அவள் தோளில் கை போட்டிருந்தவள் யாரென்று எனக்குத் தெரியவில்லை. அவள் போட்டிருந்த சட்டையையும் நான் பார்த்ததில்லை. அதுவரை அவளுடைய எல்லாச் சட்டையும் எனக்குத் தெரியும். "சூப்பர்" என்று பதில் போட்டுவிட்டு வெகுநேரம் அந்தச் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதில் கஷ்டம் என்னவென்றால் யாரும் செத்துப் போகவில்லை, சண்டை போடவில்லை, அதனால் அழக் காரணம் கிடையாது. காதல் முறிந்தால் நாலு பேர் வந்து விசாரிப்பார்கள். நட்பு தேய்ந்தால் யாருக்கும் தெரியாது, சமயத்தில் அந்த இன்னொருவருக்கே தெரியாது. பாலின் பாஸ் என்ற அமெரிக்கக் குடும்பநல ஆய்வாளர், போரில் காணாமல் போன வீரர்களின் குடும்பங்களை 1970களில் ஆராய்ந்தபோது, தெளிவில்லாத இழப்பு என்று ஒன்றைப் பற்றிப் பேசினார். ஆள் இருக்கிறாரா இல்லையா என்று முடிவாகத் தெரியாததால் துக்கம் அந்தரத்திலேயே நிற்கும் என்பார். போரையும் இதையும் ஒன்றாக வைக்கவில்லை, அடிக்க வராதீர்கள். அந்தரத்தில் நிற்பது என்ற அந்த ஒன்று மட்டும் எனக்கு அப்படியே பொருந்தியது.

தம்பி, நீ கிளம்புகிறாய், அவனும் கிளம்புகிறான். இரண்டு பேருமே போகிறவர்கள் என்பது ஒரு வகையில் நல்லதுதான்.

நூல்கண்டு:

எனக்கு நாற்பது தாண்டிவிட்டது, பள்ளி நண்பர்களில் ஒருவனோடு இன்றும் நெருக்கம், மற்றவர்களைப் பார்த்தால் சந்தோஷம், அவ்வளவே. ஏன் அந்த ஒருவன் மட்டும் என்று நிறைய யோசித்திருக்கிறேன். குணம், ஒத்த ரசனை என்றெல்லாம் சொல்லலாம், ஆனால் முக்கால்வாசி நேரம்தான் காரணம், அதாவது ஒன்றாகச் செலவழித்த நேரம்.

ஜெஃப்ரி ஹால் என்பவர் கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் செய்த ஆய்வு, 2018. அறிமுகம் ஓரளவு பழக்கமாக மாற 50 மணி நேரம் ஆகிறது, நண்பர் என்று சொல்ல 90, நெருங்கிய நண்பர் ஆக 200க்கு மேல் என்று தோராயமாக ஒரு கணக்குச் சொன்னார். பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்த 200 மணி நேரம் ஒன்றுமே இல்லை, ஒரு பருவத்துக்குள் ஓடிவிடும். யாரும் திட்டம் போட வேண்டாம், போன் செய்ய வேண்டாம், மணி அடித்தால் பக்கத்தில் அவன் இருப்பான். பள்ளி முடிந்ததும் இந்த இலவச நேரம் நின்றுவிடுகிறது. அதுவரை தானாக நடந்ததை இனிமேல் யாராவது ஒருவர் முயற்சி எடுத்து நடத்த வேண்டும், யார் எடுப்பது என்பதில்தான் ரோஷம் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

ராபின் டன்பார், சாம் ராபர்ட்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பள்ளி முடித்து வெளியேறிய 30 பேரை 18 மாதம் பின்தொடர்ந்து பார்த்தார்கள். சொந்தக்காரர்களோடு உள்ள நெருக்கம் தொடர்பு குறைந்தாலும் பெரிதாக இறங்கவில்லை. நண்பர்களோடு இருந்தது இறங்கியது. பெண்கள் பேசிப் பேசித் தக்கவைத்துக்கொண்டார்கள், பையன்களுக்குப் பேச்சு அவ்வளவாக உதவவில்லை, ஒன்றாகச் சேர்ந்து எதையாவது செய்ததுதான் உதவியது. 30 பேரை வைத்து உலகத்துக்கே தீர்ப்பு எழுத முடியாது, ஆனால் எனக்கும் என் நண்பர்களுக்கும் நடந்ததை யாரோ ஒளிந்திருந்து பார்த்து எழுதிய மாதிரி இருந்தது. எங்கள் போன் பேச்சு எப்படி இருக்கும் தெரியுமா? முதல் பத்து நிமிடம் பழைய வாத்தியார் மாதிரிப் பேசிக் காட்டிச் சிரிப்போம். பிறகு,

"அப்புறம்?"

"அப்புறம், நீதான் சொல்லணும்."

"வேற என்ன?"

"வேற ஒண்ணும் இல்ல."

வைத்துவிடுவோம். பத்து வருடப் பழக்கம் உள்ள இரண்டு பேருக்குப் பதினோராவது நிமிடத்தில் பேச ஒன்றுமில்லை. இதைக் கேட்டுவிட்டு நட்பு செத்துவிட்டது என்று பல பேர் முடிவு கட்டுகிறார்கள். கதை தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான். பழைய கதைகளின் எண்ணிக்கை கூடவே கூடாது, இருப்பதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியதுதான்.

அந்த ஒருவன் என்ன செய்தான் என்றால், பழைய கதையே பேச மாட்டான். "இன்னிக்கு மத்தியானம் யார்கூட உட்கார்ந்து சாப்பிட்ட?" என்று கேட்பான். சாதாரணக் கேள்விதான். ஆனால் அதற்குப் பதில் சொல்ல ஆரம்பித்தால் புது ஆட்களின் பெயர்கள் வரும், அதில் ஒருவன் மேல் எனக்கு எரிச்சல் என்பது வரும், அடுத்த முறை கூப்பிடும்போது "அந்த எரிச்சல்காரன் எப்படி இருக்கான்?" என்பான். அவன் பார்த்தே இராத ஆட்களையெல்லாம் எனக்காக ஞாபகம் வைத்திருந்தான். நான் அவனிடமிருந்துதான் இதைக் கற்றுக்கொண்டேன்.

வாசல்படி:

எல்லோருக்கும் நன்றி. நூல்கண்டு, நீங்கள் அண்ணனா அக்காவா தெரியவில்லை, ஆனால் அந்த 'வேற என்ன' இப்போதே எங்களுக்கு நடக்கிறது, விடுமுறையில் அவன் வெளியூர் போனபோது நடந்தது. ஒரே வகுப்பில் இருக்கும்போது இது தெரியாமல் போயிற்று.

ஆனால் என் இரண்டாவது விஷயத்தை யாரும் தொடவில்லை. எனக்குப் போக ஆசையாக இருக்கிறது என்று சொன்னேனே, அது.

இரண்டாம்பக்கம்:

அதற்குத்தான் வந்தேன். இழை முழுக்க 'எப்படிக் காப்பாற்றுவது' என்று போய்க்கொண்டிருக்கிறது, நீங்கள் கேட்டது அதுமட்டும் இல்லை.

சிறுவயது நண்பர் என்பவர் உங்கள் சாட்சி. மேசைக்கடியில் ஒளிந்த பையன் ஒருவன் இருந்தான் என்பதற்கு உங்கள் அம்மா அப்பாவை விட்டால் உலகத்தில் அவன் ஒருவன்தான் ஆதாரம். அதனால்தான் அவன் போய்விட்டால் அந்தப் பையனும் போய்விடுவான் என்று பயம் வருகிறது. அதே காரணத்துக்காகத்தான் மூச்சும் முட்டுகிறது, ஏனென்றால் சாட்சி தான் பார்த்ததைத்தான் சொல்வார், நீங்கள் இனிமேல் ஆகப்போவதைச் சொல்ல மாட்டார். ஒரே ஆள் இரண்டையும் உங்களுக்குச் செய்கிறான், நீங்கள் இரண்டையும் உணர்கிறீர்கள். இதில் துரோகம் எங்கே வந்தது?

மனிதர்கள் வயதான பிறகு திரும்பிப் பார்த்தால் சுமார் 10 முதல் 30 வயது வரை நடந்ததுதான் அதிகமாக நினைவுக்கு வருகிறது, உளவியலில் இது பலமுறை பார்த்து உறுதிப்பட்ட விஷயம். முதல் முறை நடப்பவை எல்லாம் அப்போது நடக்கின்றன, நான் யார் என்பதும் அப்போதுதான் உருவாகிறது என்று விளக்கம் சொல்கிறார்கள். ஆக நீங்கள் இப்போது அந்தக் காலத்தின் நட்டநடுவில்கூட இல்லை, முதல் பாதியில்தான் இருக்கிறீர்கள். உங்களைப் பற்றிய பெரும்பகுதி இன்னும் நடக்கவே இல்லை. அதை அவன் பார்க்க வேண்டுமா வேண்டாமா என்பதுதான் கேள்வி.

நான் பார்த்த வரையில் பழைய நட்புகள் பலவும் மாற்றத்தால் முறிவதில்லை, மாற்றத்தை மறைப்பதால் முறிகின்றன. எனக்கும் என் தோழிக்கும் அப்படி ஒரு காலம் இருந்தது. அவளுக்கு முன்னால் நான் பழைய ஆள் மாதிரியே பேசுவேன், பழைய ஜோக்குக்குப் பழைய அளவுக்குச் சிரிப்பேன், நான் புதிதாகப் படிப்பதையும் நம்புவதையும் நம்பாமல் போனதையும் அவளிடம் எடுக்கவே மாட்டேன், அவளுக்குப் பிடிக்காது என்று நானே முடிவு செய்திருந்தேன். அவளைப் பார்த்துவிட்டு வந்தால் அலுப்பாக இருக்கும். நடித்துவிட்டு வந்தால் அலுப்பாகத்தானே இருக்கும். ஒருநாள் பேருந்துக்குக் காத்திருக்கும்போது அவளே, "உனக்கு இந்தக் கதையெல்லாம் இன்னும் சிரிப்பு வருதா? எனக்கு வரல" என்றாள். அன்றைக்கு இரண்டு பேருந்துகளை விட்டுவிட்டோம். அவளும் எனக்காகத்தான் நடித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

அதனால் பட்டப்பெயர் பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று அவனிடம் சொல்லுங்கள். கிளம்புவதற்கு முன்பே சொல்லுங்கள். ஊர் மாறிய பிறகு சொன்னால், புது ஆட்கள் வந்ததும் மாறிவிட்டான் என்று அவனுக்குத் தோன்றும்.

கடைசிப்பெஞ்சு:

நன்றாக எழுதியிருக்கிறீர்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எல்லா நட்பையும் காப்பாற்றியே ஆகவேண்டும் என்ற மாதிரி இந்த இழை போவது எனக்குப் பிடிக்கவில்லை. நெதர்லாந்தில் மொலன்ஹோர்ஸ்ட் என்பவர் ஏழு வருட இடைவெளியில் அதே ஆட்களிடம் அவர்களுக்கு நெருக்கமானவர்கள் யார் யார் என்று இரண்டு முறை விசாரித்தார். வட்டத்தின் அளவு கிட்டத்தட்ட அப்படியே இருந்தது, உள்ளே இருந்தவர்களில் பாதிப் பேர் மாறியிருந்தார்கள். எல்லோருமா துரோகிகள்? வகுப்பில் பக்கத்தில் உட்கார வைத்ததால் நண்பர்களானோம், எழுந்து போனதும் முடிந்தது, இப்படி நிறைய உண்டு. 1950லேயே வெளியான ஓர் ஆய்வில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக மாணவர் குடியிருப்பில் பார்த்தார்கள், யார் யாருக்கு நண்பர் என்பதைப் பெரும்பாலும் யார் வீட்டுக் கதவு யார் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தது என்பதே தீர்மானித்தது. கதவு மாறினால் ஆளும் மாறுவார். அந்த வயதுக்கு அந்த நட்பு போதுமானதாக இருந்தது என்று விட்டுவிடலாமே, ஏன் அதை இழுத்துக்கொண்டே போகவேண்டும்?

இதற்கு யாராவது பிசிராந்தையாரைக் கூட்டிக்கொண்டு வருவதற்கு முன் ஓடிவிடுகிறேன்.

மழைக்குருவி:

ஓடாதீர்கள், நானே கூட்டிவருகிறேன். பிசிராந்தையாரும் கோப்பெருஞ்சோழனும் பார்த்துக்கொள்ளாமலே நண்பர்கள், அதனால் தூரம் ஒரு பொருட்டில்லை என்று மேடையில் பேசுவார்கள். அவர்களுக்கு என்ன கஷ்டம்? தினமும் பக்கத்தில் உட்கார்ந்து பழகிவிட்டு அப்புறம் பிரிந்திருந்தால் அல்லவா தெரியும். இல்லாத பழக்கத்தை யாராலும் இழக்க முடியாது.

விட்டுவிடலாம் என்பது சரிதான், ஆனால் தானாகத் தேய விடுவதும் யோசித்து விடுவதும் ஒன்றா? பாதிப் பேர் மாறினார்கள் என்றால் பாதிப் பேர் இருந்தார்கள் என்றும்தான் அர்த்தம், அதை ஏன் நீங்கள் சொல்வதே இல்லை?

தாமதவிருந்தாளி:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என்னுடையது இந்தத் தம்பியின் கதைக்கு மறுமுனை. பள்ளித் தோழன் ஒருவனுடைய எண் இப்போது கிடைத்திருக்கிறது. பல வருடங்களாகப் பேச்சில்லை, சண்டையும் இல்லை. செய்தி தட்டச்சு செய்வதும் அழிப்பதுமாக இருக்கிறேன். இத்தனை நாள் கழித்து ஏன் என்று அவன் நினைத்தால்? ஏதோ உதவி கேட்கத்தான் வருகிறேன் என்று நினைத்துவிட்டால்?

நூல்கண்டு:

நீங்கள் மட்டும் இல்லை. 2024இல் லாரா அக்னினும் ஜிலியன் சாண்ட்ஸ்ட்ராமும் வெளியிட்ட ஆய்வில், பழைய நண்பரோடு பேச ஆசை இருந்தது, தொடர்பு எண்ணோ முகவரியோ இருந்தது, செய்தி எழுத நேரமும் கொடுத்தார்கள், அப்படியும் அனுப்பியவர்கள் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. முன்பின் தெரியாதவரிடம் பேசுவதற்கு இருக்கும் அளவுக்குத் தயக்கம் இதிலும் இருந்ததாம். ஒரு வழியும் சொன்னார்கள்: முதலில் சில நிமிடம் இப்போதைய நண்பர்களுக்குச் சும்மா செய்தி அனுப்ப வைத்துவிட்டு, பிறகு பழைய ஆளுக்கு அனுப்பச் சொன்னபோது பாதிப் பேருக்கு மேல் அனுப்பிவிட்டார்கள். கை பழகிவிடுகிறது போல.

அவர் என்ன நினைப்பார் என்பதற்கு 2022இல் பெகி லியூவும் மற்றவர்களும் செய்த இன்னொரு ஆய்வு இருக்கிறது. செய்தி அனுப்புகிறவர்கள் எதிர்பார்ப்பதைவிடப் பெறுகிறவர்கள் அதிகமாகவே மகிழ்கிறார்கள், எதிர்பாராமல் வந்தால் இன்னும் அதிகம். உதவி கேட்க வந்தேன் என்று நினைப்பாரோ என்றால், முதல் வரியிலேயே "ஒன்றும் வேண்டாம், ஞாபகம் வந்தது" என்று போட்டுவிடுங்கள்.

வாசல்படி:

அவனிடம் பேசிவிட்டேன்.

நான் பயமாக இருக்கிறது என்றதும் சிரிப்பான் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. அவனுக்கும் பயம் இருக்கிறது, ஆனால் வேறு மாதிரி. "நீ மறந்தாக்கூடப் பரவாயில்லடா, திரும்பி வந்து என்கிட்ட மரியாதையா பேசுவ பாரு, அதுதான் பயம்" என்றான். எனக்கு ஒரு நிமிடம் பதிலே வரவில்லை. நான் அப்படித்தான் பேசியிருப்பேன் என்று தோன்றியது.

பட்டப்பெயரையும் சொன்னேன். அதை விட முடியாது, வேண்டுமானால் மற்றவர்கள் இருக்கும்போது கூப்பிட மாட்டேன் என்றான். பேரம் அந்த அளவில் படிந்தது. அப்புறம் நான் எழுதுகிற விஷயங்களை (இதுவும் அதுவரை அவனுக்குத் தெரியாது) அவனிடம் காட்டினேன். படித்துவிட்டு ஒரு இடத்தில் புரியவில்லை என்றான், மற்றபடி ஒன்றும் சொல்லவில்லை, கிண்டலும் செய்யவில்லை.

பையன்களுக்குச் சேர்ந்து செய்வதுதான் உதவும் என்று நூல்கண்டு எழுதியதால், வாரம் ஒருநாள் ஆன்லைனில் செஸ் ஆடுவது என்று வைத்திருக்கிறோம்.

கடைசிப்பெஞ்சு:

வாரம் ஒருநாள் என்று வைக்காதே. மூன்றாவது வாரம் யாருக்காவது வேலை வரும், நாலாவது வாரம் தவறவிட்டதைப் பற்றிய குற்ற உணர்ச்சியில் கூப்பிடவே கூச்சமாக இருக்கும், இப்படித்தான் நல்ல நட்பு எல்லாம் நிற்கிறது. நாள் கணக்கு இல்லாத செஸ் ஆடுங்கள், நகர்த்த வேண்டும் என்று தோன்றும்போது ஒரு காயை நகர்த்துவது, அடுத்தவன் நாலு நாள் கழித்து நகர்த்தினாலும் ஆட்டம் போகும். இடைவெளி விழுந்தால் "சாரிடா, ரொம்ப பிஸி" என்று ஆரம்பிக்கவும் வேண்டாம். விட்ட இடத்திலிருந்து ஆடு.

என்னடா இவன் நட்பு வேண்டாம் என்றவன் யோசனை சொல்கிறானே என்று மழைக்குருவி கேட்பார். எனக்கும் ஒருவன் இருக்கிறான், போதுமா?

இரண்டாம்பக்கம்:

பென்ச் சொல்வதோடு ஒன்று. வகுப்புக் குழு ஆரம்பிப்பார்கள், நாற்பது பேர் இருப்பார்கள், அதில் நீங்கள் இருவரும் இருந்தால் பேசிக்கொண்டிருப்பது மாதிரியே தோன்றும், பேசியிருக்க மாட்டீர்கள். தனியாக ஒரு வரி அனுப்புவதை அந்தக் குழு தின்றுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தாமதவிருந்தாளி:

அனுப்பிவிட்டேன். படித்துவிட்டான் என்று காட்டுகிறது. பதில் இல்லை. இன்னொன்று அனுப்பட்டுமா?

மழைக்குருவி:

வேண்டாம். அவரும் தட்டச்சு செய்து அழித்துக்கொண்டிருப்பார். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய் வேலையைப் பாருங்கள்.